உணர்ச்சி காட்டும் தமிழ்க் குரல்: அதன் கட்டுப்பாடு யார் கையில் இருக்க வேண்டும்?

இந்திய மொழிகளுக்கான அரசின் மொழித் தொழில்நுட்பத் திட்டமான பாஷினியின் பொறுப்பாளர்களுக்கும், எழுத்தைச் செயற்கைக் குரலாக்கும் தமிழ்ப் பேச்சொலித் தொகுப்பில் ஈடுபட்டுள்ள ஆய்வுக் குழுவினருக்கும், நிறுவனத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

வணக்கம். நான் பார்வையற்றவன், மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். செய்தித்தாள், துறைச் சுற்றறிக்கை, மாணவர் எழுதித் தரும் கட்டுரை, உறவினர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி என்று நான் படிக்கும் அனைத்தும் கணினியின் அல்லது கைப்பேசியின் செயற்கைக் குரல் வழியாகவே என்னை வந்தடைகின்றன. அந்தக் குரலுக்குச் சிரிக்கவும் அழவும் சினக்கவும் கற்றுக்கொடுக்கும் பணியில் நீங்கள் இறங்கியிருக்கிறீர்கள். அதை எதிர்ப்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஆனால், எந்த வாக்கியத்தை எந்த உணர்ச்சியோடு சொல்ல வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு உங்கள் அறிவிப்புகள் எதிலும் விடை இருந்ததாக என் காதுக்கு எட்டவில்லை. கருவியே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடாதீர்கள் எனக் கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

நடந்த நல்ல வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைப் போன்றோர் பலர் தமிழை முதன்முதலில் திரைவாசிப்பானில், அதாவது திரையிலுள்ள எழுத்தைப் படித்துக் காட்டும் மென்பொருளில், கேட்டது ஈஸ்பீக் என்னும் இலவசக் குரல் தொகுப்பியின் இரும்புக் குரலில்தான். மெய்யெழுத்தில் இடறி, சொல்லின் நடுவே விசித்திரமாக ஏறி இறங்கும் அந்தக் குரலுக்கு நாங்கள் பட்ட நன்றிக்கடன் பெரிது. பின்னர் சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் கூடி இந்திய மொழிகளுக்குப் பேச்சுத் தரவுகளையும் குரல்களையும் உருவாக்கின. அதே வளாகத்தில் இயங்கும் ஏஐ4பாரத் குழு, 2024இல் ரஸா என்ற தரவுத்தொகுப்பை வெளியிட்டது. அசாமியம், வங்காளம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளில், மொழிக்கு 10 மணி நேர இயல்பான பேச்சும், ஆறு உணர்ச்சிகளில் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 மணி நேரப் பேச்சும் அதில் உள்ளன. ஒரு மணி நேர இயல்புப் பேச்சும் அரை மணி நேர உணர்ச்சிப் பேச்சும் இருந்தாலே ஓரளவு கேட்கத்தக்க குரலை உருவாக்கிவிடலாம் என்று அவர்களுடைய ஆய்வு காட்டியது. எனக்கு மகிழ்ச்சியையும் கலக்கத்தையும் ஒருசேரத் தந்தது இந்த முடிவுதான். இவ்வளவு குறைந்த செலவில் ஆகும் காரியம் ஆய்வகத்துக்குள் நிற்காது. வங்கிச் செயலியிலும், பாடநூல் செயலியிலும், மருத்துவமனை அழைப்பிலும் சீக்கிரமே வந்து அமர்ந்துகொள்ளும். அதற்குமுன் பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும்.

உணர்ச்சியோடு பேசும் எந்திரம் என்பது புதிய ஆசையன்று. 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வகம் வோடர் என்ற பேசும் எந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. ஹோமர் டட்லி வடிவமைத்த அதன் முன்னால் ஒரு பெண் அமர்ந்து, விரல்களால் விசைகளை அழுத்தி, மணிக்கட்டால் ஒரு பட்டையை இயக்கி, காலால் ஒரு மிதியை மிதித்துப் பேச்சை உண்டாக்கினார். குரலின் ஏற்ற இறக்கம் முழுவதும் அந்தக் கால்மிதியில் இருந்தது. ‘அவள் என்னைப் பார்த்தாள்’ என்று பொருள்படும் மூன்று சொல் ஆங்கில வாக்கியத்தை, கேள்வி மாற மாற அழுத்தம் மாற்றிச் சொல்லிக் காட்டுவது அந்தக் காட்சியின் முக்கியமான பகுதி. யார் பார்த்தது என்றால் ஒரு சொல்லில் அழுத்தம், யாரைப் பார்த்தாள் என்றால் வேறொரு சொல்லில் அழுத்தம். கூட்டம் வியந்தது எந்திரத்தை என்றாலும், கேள்வியைக் காதில் வாங்கி, எங்கே அழுத்த வேண்டும் என்று தீர்மானித்தது மிதியின்மேல் கால் வைத்திருந்த அந்தப் பெண்ணே. ஐம்பது ஆண்டுகள் கழித்து, எம்ஐடியில் ஜேனட் கான் என்ற ஆய்வாளர், அன்றைய டெக்டாக் என்ற கணினிக் குரலின் சுருதி, வேகம், மூச்சொலி, இடைநிறுத்தம் ஆகியவற்றை மாற்றி ஆறு உணர்ச்சிகளை வரவழைக்க ஒரு நிரல் எழுதினார். அங்கும் எந்த உணர்ச்சி, எவ்வளவு என்பதை மனிதர்தான் எண்களாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 2016இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் வேவ்நெட் என்ற, நரம்பு வலையமைப்பால் குரல் உண்டாக்கும் முறை வந்த பிறகு நிலைமை மாறியது. ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சைக் கேட்டுப் பழகிய நரம்பு வலையமைப்புகள், வாக்கியத்தைப் பார்த்ததும் அதற்கு இன்ன தொனி என்று தாமே ஊகித்துக்கொள்கின்றன. குரல் அழகானது, கால்மிதி மட்டும் எங்கள் காலுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

ஊகம் சரியாக இருந்தால் என்ன குறை என்று கேட்கலாம். தமிழில் அந்த ஊகம் எப்படிப் பிழைக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் என் கைப்பேசியில் உள்ள ஒரு வாசிப்புச் செயலி புதுப்பிக்கப்பட்டது. அதில் ‘உணர்வுபூர்வமான வாசிப்பு’ என்ற வசதி, யாரும் கேட்காமலேயே, இயங்கு நிலையில் வந்திருந்தது. அது எனக்குத் தெரியாது. அன்று மாலை குடும்பக் குழுவில் வந்த செய்தி இது: “பெரியப்பா தவறிட்டார். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எடுக்கிறாங்க. எல்லாரும் வந்துருங்க.” செயலி இதைக் கல்யாணத்துக்கு அழைக்கும் குரலில், கடைசி வாக்கியத்தில் ஒரு புன்னகையும் சேர்த்து எனக்குப் படித்துக் காட்டியது. அந்த மூன்று வாக்கியங்களில் துயரம் என்றோ மரணம் என்றோ ஒரு சொல்கூட இல்லை. வந்துருங்க என்ற அழைப்பு மட்டுமே கருவிக்குப் பிடிபட்டிருக்கிறது. சாவைச் சொல்லும்போது சாவு என்ற சொல்லைத் தவிர்ப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். மறுபக்கம், அடுத்த வாரமே என் மருமகன் ஏதோ நகைச்சுவைக் காணொளியை அனுப்பி, “சிரிச்சே செத்துட்டேன் மாமா” என்று எழுதியிருந்ததை அதே செயலி தழுதழுத்த குரலில் படித்தது. இரண்டாவதை நினைத்துச் சிரித்துவிட்டேன். முதலாவதை இன்றும் சிரித்துக் கடக்க முடியவில்லை.

அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்வையுள்ள ஒருவர் படித்திருந்தால், எழுத்துக்கும் அவருக்கும் இடையே யாரும் நின்றிருக்க மாட்டார்கள். செய்தியின் தொனியை அவர் மனமே அமைத்துக்கொண்டிருக்கும். எனக்கும் சப்பென்ற பழைய குரல் அதைத்தான் செய்துவந்தது: சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். புதிய குரலோ, எழுதியவரும் எண்ணாத, படிப்பவரும் கேட்காத ஒரு நடிப்பை நடுவில் கொண்டுவந்து வைக்கிறது.

பிழை ஓரிரு செய்திகளோடு நிற்பதன்று. அது மொழியின் அமைப்பிலேயே வேர்கொண்டுள்ளது. ஆங்கிலம் குரலின் அழுத்தத்தால் செய்யும் வேலையில் பாதியைத் தமிழ் இடைச்சொற்களால் செய்துவிடுகிறது. வோடர் கண்காட்சியில் அந்தப் பெண் காலால் மிதித்துக் காட்டிய வேறுபாட்டை நாம் ‘அவள்தான் என்னைப் பார்த்தாள்’, ‘அவள் என்னைத்தான் பார்த்தாள்’ என்று எழுத்திலேயே காட்டிவிடுவோம். தான், ஏ, ஓ, ஆ, கூட, ஆவது போன்றவை ஏற்கெனவே சுமந்து வரும் அழுத்தத்தின் மீது, ஆங்கிலத் தரவில் பழகிய கருவி தன் பங்குக்கும் சுருதியை ஏற்றிச் சொன்னால், அந்தக் குரல் ஊர்க்கூத்தில் கட்டியங்காரன் பேசுவதுபோல் ஒலிக்கிறது. தமிழ்ப் பேச்சில் உணர்ச்சி பெரும்பாலும் நீட்டலிலும் இடைவெளியிலும் இருக்கிறது. ‘பெரிய வீடு’ என்பதில் ‘ரி’யை எவ்வளவு நீட்டுகிறோம் என்பதில் வியப்பும் இருக்கலாம், பொறாமையும் இருக்கலாம். பேருந்து வரவில்லை என்று தாமதமாக வந்த மாணவன் காரணம் சொல்லும்போது நான் ‘அப்படியா’ என்று மட்டும் சொல்வேன். ‘யா’ சட்டென்று இறங்கினால் நம்பிவிட்டேன் என்று அவன் இருக்கைக்குப் போவான்; இழுத்து ஏறினால் நின்ற இடத்திலேயே நிற்பான். அச்சில் இரண்டும் ஒரே ஐந்து எழுத்துகள்.

மரியாதைப் பன்மையை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பும் மகனிடம் தந்தை, “வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்கிறார். வாங்க என்பதும் சார் என்பதும் வரவேற்பின் சொற்கள். இங்கே அவைதான் கோபத்தின் கருவிகள். அந்த வீட்டில் தந்தை மகனை வழக்கமாக எப்படி அழைப்பார் என்று தெரிந்தவருக்கே அந்த வாக்கியத்தின் சூடு உறைக்கும். வாக்கியத்தைத் தனியே எடுத்து மகிழ்ச்சி, சினம், துயரம் என்று முத்திரை குத்திப் பயிற்றுவிக்கும் முறையால் இதைத் தொட முடியாது. யார், யாரிடம், எந்த உறவில், எதற்குப் பிறகு பேசுகிறார் என்பது தெரிய வேண்டும்.

ரஸா உட்படப் பல தரவுத்தொகுப்புகளும் உளவியலாளர் பால் எக்மன் வகுத்த ஆறு அடிப்படை உணர்ச்சிகளை வைத்தே தொடங்குகின்றன: மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு. எங்காவது தொடங்கத்தான் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடு, அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்ச்சி, சொன்னதால் ஆறை எட்டாக்குங்கள் என்று தமிழாசிரியர் கொடி பிடிப்பதாக நினைக்க வேண்டாம். எண்ணிக்கையில் எனக்கு அக்கறையில்லை. அந்நூலின் மெய்ப்பாட்டியலில் உங்களுக்குப் பயன்படக்கூடியது வேறொன்று. அது ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நிலைக்களன்களை, அதாவது பிறப்பிடங்களைக் கூறுகிறது. நகை என்று சொல்லி நிறுத்தாமல், அது எள்ளலால் பிறந்ததா, இளமையால் பிறந்ததா, பேதைமையாலா, மடனாலா என்று பிரிக்கிறது. அழுகையை இளிவு, இழவு, அசைவு, வறுமை எனப் பிரிக்கிறது. இழவு வீட்டு அழுகையும், அவமானப்பட்டவரின் அழுகையும் ஒரே குரலில் வருவதில்லை என்பதைக் காது உள்ள எவரும் ஏற்பர். உங்கள் குரல் கலைஞர்களிடம் ‘துயரத்தோடு படியுங்கள்’ என்று ஒரே கட்டளை கொடுத்து 2 மணி நேரம் பதிவு செய்வதற்குப் பதிலாக, எதனால் வந்த துயரம், கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்பதையும் சொல்லிப் பதிவு செய்து, அக்குறிப்பையும் தரவோடு சேர்த்து வைத்தால், பின்னால் வருவோர் அதைக் கொண்டு எவ்வளவோ செய்ய முடியும்.

இனி, பயன்படுத்துவோர் பக்கம் வருகிறேன். செயற்கைக் குரலைச் சார்ந்திருப்போர் என்று அறிக்கைகளில் எங்களை ஒரே தொகுதியாகச் சேர்த்துவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு வகையினர் இருக்கிறோம். எங்கள் தேவைகள் நேர் எதிரானவை.

முதல் வகை, என்னைப் போலக் குரலைக் கேட்டுப் படிப்போர். பணி நிமித்தமாகப் படிக்கும்போது இயல்பான பேச்சைவிடப் பல மடங்கு வேகத்தில் கேட்பது எங்களில் பலருக்கு வழக்கம். அந்த வேகத்தில் மூச்சொலியும் பெருமூச்சும் சிணுங்கலும் வெறும் இரைச்சல். ஈஸ்பீக்கின் இரும்புக் குரல்தான் ஓட்டத்திலும் எழுத்தை விடாமல் தரும். விடைத்தாளில் ஒற்றுப்பிழை தேடிக்கொண்டிருக்கும்போது, அந்த மாணவனின் கட்டுரையைக் குரல் உருக்கமாகப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். நாவல் படிக்கும்போதுகூட, பாத்திரத்தின் குரலைத் தம் மனத்துக்குள் தாமே அமைத்துக்கொள்வதற்காகச் சப்பென்ற குரலையே விரும்பும் நண்பர்கள் எனக்கு உண்டு. நல்ல வாசிப்புக் குரல் கிடைத்தால் இரவில் ஒரு சிறுகதையை நிதானமாகக் கேட்க எனக்கு ஆசைதான். ஆகவே, ஒரே ஆளுக்கே காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று தேவை மாறுகிறது.

இரண்டாம் வகை, குரலைக் கொண்டு பேசுவோர். நரம்புச் சிதைவு நோயாலோ புற்றுநோய் அறுவையாலோ குரலிழந்தவர்களுக்குச் செயற்கைக் குரல் வாசிக்கும் கருவியன்று, வாய். அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அறுவை சிகிச்சைகளில் குரலை இழந்த பிறகு, அவர் முன்பு டிவிடிகளுக்குப் பேசிய வர்ணனைகளைக் கொண்டு எடின்பரோவின் செரிப்ராக் நிறுவனம் அவருக்கு ஒரு குரலை உருவாக்கிக் கொடுத்தது. 2011இல் டெட் என்ற சொற்பொழிவு மேடையில் அவர் ஒரு சோதனையை முன்வைத்தார்: கணினிக் குரல் ஒரு நகைச்சுவைத் துணுக்கைக் காலம் பார்த்துச் சொல்லி, கேட்பவரைச் சிரிக்கவைக்க வேண்டும். அந்த உரையின் பகுதிகளை அவருடைய மனைவியும் நண்பர்களும் அவருக்காகப் படித்தார்கள். எந்திரக் குரலை நெடுநேரம் கேட்டால் அவைக்கு அலுத்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். இத்தகையவர்களுக்கு உணர்ச்சிக் குரல் வெறும் அலங்காரமன்று. மனைவியிடம் சண்டை போடவும், பேரனைக் கொஞ்சவும், கடைக்காரரிடம் பேரம் பேசவும் அவர்களுக்கு அது வேண்டும். ஆனால் கோபத்தின் அளவு அவர்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும். ஒருவர் குத்தலாகச் சொல்ல நினைத்ததைக் கருவி குழைந்து சொன்னால், அவர் வாயில் வேறொருவர் பேசியதாகவே ஆகும்.

இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் எடுத்துக்காட்டு காட்டுவது வேறொன்று. எம்ஐடியின் டென்னிஸ் கிளாட் தம் சொந்தக் குரலை அடிப்படையாக வைத்து உருவாக்கிய எந்திரக் குரலை அவர் எண்பதுகளில் ஏற்றார். இயல்பான குரல்கள் பின்னால் எத்தனையோ வந்தும், இதுவே என் குரல் என்று கடைசிவரை மாற்ற மறுத்துவிட்டார். மாற்றாமல் இருக்கும் உரிமையும் ஓர் உரிமை என்பதற்காக இதைச் சொல்கிறேன். நிறுவனங்கள் புதுப்பித்தல் என்ற பெயரில் பழைய குரலை நீக்கும்போது இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

எனவே உங்களிடம் கேட்பவை: உணர்ச்சி வாசிப்பு எந்தச் செயலியிலும் இயல்பாகவே இயங்கும் நிலையில் வரக்கூடாது, விரும்புவோர் இயக்கிக்கொள்ளட்டும். வேகத்துக்கும் சுருதிக்கும் இருப்பதுபோல உணர்ச்சியின் அளவுக்கும் தனியொரு கட்டுப்பாடு, திரைவாசிப்பானின் விரைவுவிசைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். ஐந்து திரைகள் தாண்டி அமைப்புகளுக்குள் புதைந்திருந்தால் அது இருந்தும் இல்லாததே. தனிமனிதர் அனுப்பும் செய்திகளுக்கு, அனுப்பியவரே குறித்திருந்தாலொழிய, கருவி எந்த உணர்ச்சியையும் ஏற்றக்கூடாது. கதை, நாடகம், குழந்தைப் பாடல் ஆகியவற்றில் தாராளமாக நடிக்கட்டும். குரல் தொகுப்பி இணையமின்றிக் கருவியிலேயே இயங்க வேண்டும். விசையை அழுத்தி அரை நொடி கழித்துப் பேசும் குரல் எவ்வளவு இனிமையானாலும் தட்டச்சு செய்பவருக்கு உதவாது.

பொதுத் தரம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேச்சுத் தொகுப்பிக்குக் கட்டளையிட, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004இல் வகுத்த எஸ்எஸ்எம்எல் குறிமொழியில் வேகம், சுருதி, இடைநிறுத்தம், சொல்லழுத்தம் ஆகியவற்றைக் குறிக்க வழியுண்டு. உணர்ச்சிக்கென்று அதில் குறியீடு இல்லாததால் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. ஒன்றில் குறித்து வைத்தது மற்றொன்றில் செல்லாது. 2014இல் உணர்ச்சிகளுக்கென்றே ஈமோஷன்எம்எல் என்ற தரமும் வந்தது; எனினும் நான் பயன்படுத்தும் எந்தச் செயலியிலும் அதன் தடம் இல்லை. தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ‘வந்திருக்கலாமேடா’ என்பது ஒரே சொல். அதில் வருத்தம் ‘மே’யில் இருக்கிறது, உரிமை ‘டா’வில் இருக்கிறது. சொல் முழுவதையும் அழுத்தும் குறியீட்டால் இங்கே எதுவும் ஆகாது. சொல்லின் உட்பகுதியைக் குறிக்க இயல வேண்டும். அரசுப் பணத்தில் நடக்கும் பாஷினி போன்ற திட்டம் இதற்கு ஒரு பொது வரையறையை வெளியிட்டால், தனியார் நிறுவனங்கள் அதைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் தானாக வரும்.

குரல் கொடுத்தவர்களையும் மறக்கலாகாது. 2024 தொடக்கத்தில் ஏ.ஆர். ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஒரு பாடலில் ஒலிக்கச் செய்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் அளித்ததாக அறிவித்தார். அந்த அளவு ஒழுங்கு பேச்சுக் குரலுக்கும் வேண்டும் என்பதோடு, நான் ஒன்றைக் கூடுதலாகக் கேட்கிறேன். செய்தி வாசிப்பது போன்ற இயல்புக் குரலைப் பதிவு செய்ய ஒப்புக்கொண்ட ஒருவர், தம் குரல் கதறுவதற்கும் கெஞ்சுவதற்கும் ஒப்புக்கொண்டவர் ஆகமாட்டார். ஒருவருடைய உணர்ச்சியின் சாயலை எடுத்து இன்னொருவருடைய குரலின்மேல் ஏற்றுவது இன்று தொழில்நுட்பத்தால் முடிகிறது. எனவே ஒப்பந்தத்தில் உணர்ச்சிவாரியாக இசைவு பெறுங்கள். பின்னாளில் விலக்கிக்கொள்ள வழியும் வையுங்கள். மகன் அழுது பணம் கேட்பதுபோல் தாய்க்கு வரும் மோசடி அழைப்பில் சொற்களைவிட அந்த அழுகைதான் வேலை செய்கிறது என்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர்.

கடைசியாக, சோதனை. புதிய குரலைக் கேட்பவர்களிடம் தனித்தனி வாக்கியங்களைப் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்குவது இப்போதைய வழக்கம். ஒரு வாக்கியத்துக்குத் தேனாக இருக்கும் குரல் இரண்டு மணி நேரத்தில் திகட்டிவிடும். முழு அத்தியாயத்தைக் கேட்கவிட்டுக் கருத்துக் கேளுங்கள். பார்வையற்றோரையும் குரலிழந்தோரையும் தனித்தனிக் குழுக்களாக அமர்த்துங்கள். அதற்கு ஊதியமும் கொடுங்கள், சேவையாகச் செய்யச் சொல்லாதீர்கள். நெல்லைக்காரர், கோவைக்காரர், யாழ்ப்பாணத்தார் எல்லாரும் இருக்கட்டும். ஓரிடத்தில் கொஞ்சலாகக் கேட்கும் இழுவை இன்னோரிடத்தில் நக்கலாகக் கேட்கும். இத்தகைய சோதனைக்கு நானும் என் பார்வையற்ற ஆசிரிய நண்பர்களும் வரத் தயாராக இருக்கிறோம். விடுமுறை நாள்களில் வைத்தால் வசதி.

பதில் எழுதுவதாக இருந்தால், யூனிகோடு உரையாக எழுதி அனுப்புங்கள். கையொப்பமும் முத்திரையும் இட்டு, ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக அனுப்பினால் எழுத்து வெறும் படமாகிவிடும்; திரைவாசிப்பானால் அதை நேரடியாகப் படித்துக் காட்ட முடியாது.

இப்படிக்கு,
திரைவாசிப்பான் வழியே படிக்கும் ஒரு தமிழாசிரியர்